சோத்தாங்கைப் பக்கம்

என் மகனுக்கு அப்போது நான்கு வயது. அவனுடைய இடது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. அது இடது பக்கம் என்று எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், ஸ்கேன் எடுத்த இயந்திரத்துக்கும் தெரியும். எங்கோ ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து அறுவை சிகிச்சைக்கு அனுமதி தருகிறவருக்கு மட்டும் அது வலது பக்கத்தில் இருந்தது. அதற்குக் காரணம் நான்தான். இதை எழுத்துப்பூர்வமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

நாங்கள் இருப்பது கரியாலூரில். அருவி பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் மிளகாய் பஜ்ஜியும் போட்டுத் தருகிற கடை என் கணவருடையது. நான் மணலூர்பேட்டைப் பக்கத்துப் பெண். கணிதத்தில் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தால் இன்றுவரை விளைந்த ஒரே பயன், எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது. கேஸை அணைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பேன். படித்துவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பேன். அதற்குள் காய்ச்சல் தானாக இறங்கிவிடும்.

வீக்கத்தைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். அழுதால் வெளியே வந்தது, படுத்தால் உள்ளே போனது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே குழந்தைகளுக்கு அறுவை செய்கிறவர் சேலத்திலிருந்து வருகிறவர். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சின்னசேலத்தில் ரயில் இறங்கி வருவார். அவர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, குடலிறக்கம் என்றார்.

"எறக்கமா?" என்றார் என் கணவர். "தெனம் மலையில ஏறி எறங்குறமே, அதுனாலயா டாக்டர்?"

"அது வேற எறக்கம்ங்க. பிறவியிலயே ஒரு வழி மூடாம இருந்திருக்கு. சின்ன ஆபரேஷன்தான். ஆனா தள்ளிப் போடாதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். பயப்படுகிறவர்களை டாக்டர்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ தெரியவில்லை. "படுக்க வச்சா உள்ள போயிடணும்மா. போகாம கல்லு மாதிரி நின்னுட்டா, இல்ல வாந்தி எடுத்தா, எதையும் பார்க்காம தூக்கிட்டு வந்துடணும். குடல் மாட்டிக்கிச்சுன்னா மணிக்கணக்குதான்."

வாந்தி என்றதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையம் இறங்குகிற வரைக்கும் எத்தனை வளைவு இருக்கிறதோ, அதில் எப்படியும் ஒன்றில் என் மகன் வாந்தி எடுப்பான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கண்டக்டர்கள் அவனைப் பார்த்ததும் ஜன்னல் ஓரம் கொடுத்துவிடுவார்கள். இனி ஒவ்வொரு முறையும், இது வளைவு வாந்தியா குடல் வாந்தியா என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் மகனுக்கு இடது கைப் பழக்கம். சோறு உண்பது, பந்து எறிவது, மூக்கு நோண்டுவது எல்லாம் அந்தக் கையில்தான். மாற்றக் கூடாது, மாற்றினால் பேச்சு திக்கும் என்று போனில் படித்தேன். மாற்றாவிட்டால் பள்ளிக்கூடத்தில் கஷ்டம் என்று இன்னொன்றில் படித்தேன். இரண்டையும் நம்பினேன். கடைசியில், வீட்டுக்குள் அவன் இஷ்டம், வெளியில் பெரியவர்கள் முன்னால் மட்டும் வலது கை என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தேன். யாராவது பிஸ்கட் நீட்டினால் அவன் இடது கையை நீட்டுவான். நான் லேசாகத் தட்டுவேன். உடனே வலது கை வரும். மூன்றே மாதத்தில் பழகிக்கொண்டான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"அவனுக்கு அதுதான் சோத்தாங்கை, உடேன்," என்பார் என் கணவர். சோறு உண்கிற கை சோத்தாங்கை. மற்ற வேலைக்கு உள்ளது பீச்சாங்கை. எங்கள் பக்கத்தில் வலது இடது என்று யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் ஒரே கையில்தான் சோறு என்று நினைத்து வைத்த பெயர்கள்.

எங்களிடம் அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தது. அட்டை இருந்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மருத்துவமனை விண்ணப்பம் அனுப்பும், அவர்கள் பார்த்துச் சரி என்பார்கள், பிறகுதான் கத்தி. இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள். வெள்ளிக்கிழமையே முடித்துவிடலாம்.

அந்த மருத்துவமனையின் வரவேற்பில் ஒரு பெரிய பலகை உண்டு. நோயாளியின் உரிமைகள், எந்தச் சிகிச்சைக்கு என்ன கட்டணம், அட்டை வைத்திருப்பவரிடம் பணம் கேட்டால் யாரிடம் புகார் செய்வது எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றையும் மக்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு குடிநீர் இயந்திரத்தையும், அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டியையும் வைத்திருந்தார்கள். பலகையை மறைக்கக் கூடாது என்று விதியில் யாரும் எழுதவில்லை போலும். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எக்கி நின்று, இலைகளை விலக்கி, பாதி படித்தேன். 'சிகிச்சைக்கு முன்பே உத்தேசச் செலவு விவரத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம்' என்ற வரிக்கு வந்தபோது வாட்ச்மேன் பின்னால் வந்து நின்றார்.

"தண்ணி புடிச்சிட்டன்னா நவுறும்மா. பின்னாடி ஜனம் நிக்குது இல்ல?"

கேட்டுப் பெறலாம் என்று போட்டிருக்கிறதே என்று வரவேற்புப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"எதுலக்கா போட்டிருக்கு?"

"போர்டுல."

"எந்த போர்டு?"

நான் பூந்தொட்டியைக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். "ஐ, அங்க ஒரு போர்டு இருக்குது பாரேன்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "நீங்க அட்டைதானேக்கா? அட்டைக்கு எதுக்கு வெலை? இன்ஷூரன்ஸ் டேபிளாண்ட போங்க," என்றாள். போனேன்.

காப்பீட்டு மேசை லிஃப்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கே என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா, ஒரு கணினி, கைரேகை வைக்கும் பெட்டி ஒன்று. முதலில் என் கணவரின் கட்டைவிரலைப் பெட்டி ஏற்கவில்லை. பத்து வருஷம் எண்ணெய்ச் சட்டியோடு வாழ்ந்த விரல். நான்கு முறை துடைத்து, ஐந்தாவது முறை ஏற்றது. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ஸ்கேன் ரிப்போர்ட் குடும்மா," என்றார் அந்த அக்கா.

அதைத் துணிப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரமாக என்றால், ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், தடுப்பூசி அட்டை, அவனுடைய பிறப்புச் சான்றிதழ், எதற்கும் இருக்கட்டும் என்று என் கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றுக்கு நடுவில். நான் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அவர் என் மகனிடம் கேட்டிருக்கிறார்.

"இன்னா தம்பி, வீக்கம் எந்தக் கைப் பக்கம்? சோத்தாங்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா? அந்தக் கையைத் தூக்கு பாக்கலாம்."

காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. அங்கே ஸ்கேன் காகிதம் தொலைந்துவிட்டது என்ற பயம் ஏற்கெனவே கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். என் மகன் ஒரு பெரிய மனுஷியின் முகத்துக்கு நேராக இடது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஏதோ கேட்கிறான், பேனாவோ மிட்டாயோ என்று நினைத்தேன். தட்டினேன்.

"பெரியவங்க முன்னாடி எந்தக் கை?"

அவன் உடனே அதை இறக்கிவிட்டு வலது கையைத் தூக்கினான்.

"சோத்தாங்கை. ஆங், சரி," என்று அந்த அக்கா கணினியில் தட்டினார். அதே நேரத்தில் ஸ்கேன் காகிதமும் கிடைத்தது. அவர் அதைப் படிக்கவில்லை. படம் எடுத்து ஏற்றினார். அது ஆங்கிலத்தில் இருந்தது, பிள்ளை தமிழிலேயே சொல்லிவிட்டானே.

பிறகு விண்ணப்பத்தை அச்செடுத்து என்னிடம் கையெழுத்துக் கேட்டார். நான் படிக்காமல் போடுகிறவளா? இரண்டு முறை படித்தேன். பெயர், இனிஷியல், வயது, அட்டை எண்ணின் ஒவ்வோர் இலக்கம். நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ரைட்' என்று இருந்தது. அதையும் படித்தேன். தினமும் பஸ்ஸில் கேட்கிற வார்த்தை. கண்டக்டர் சொன்னால் 'போகலாம்' என்று அர்த்தம். டீச்சர் சொன்னால் 'சரி' என்று அர்த்தம். யாரோ பார்த்துச் சரி என்று குறித்திருக்கிறார்கள் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். கல்லூரியில் வாங்கிய பட்டம் அங்கே எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆத் போட்டுட்டேன். வெள்ளிக்கெழம பையனை வெறும் வயித்தோட கூட்டியாந்துருங்க," என்றார் அக்கா.

வெளியே வந்ததும் என் கணவர் மெல்லக் கேட்டார். "ஆத்துல போட்டுட்டேன்றாங்களே, எதை?"

"ஆத்துல இல்லைங்க. ஆத். அனுமதி கேக்குறதுக்குப் பேரு."

"எனக்கு இன்னாமோ ஆத்துல போட்டா மாதிரிதான் கீது," என்றார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பஸ் ஏறினோம். வெறும் வயிறு. அப்படியும் மூன்றாவது வளைவில் அவன் குமட்டி, மஞ்சளாகக் கொஞ்சம் துப்பினான். நான் அவன் சட்டையைத் தூக்கி, டவுசரை விலக்கி, அழுத்திப் பார்த்தேன். மிருதுவாக இருந்தது. அடுத்த வளைவில் மறுபடி பார்த்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பி, "இன்னாம்மா, எதாவது வுழுந்துருச்சா?" என்று கேட்டார்.

மருத்துவமனையில் காப்பீட்டு மேசை அக்கா எங்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "கொய்ரி வந்துருக்குது."

"குவாரியா?" என்றார் என் கணவர்.

"கொய்ரி சார். கேள்வி. நீங்க ரைட்டுன்னு குடுத்துருக்கீங்க, ஸ்கேன்ல லெஃப்டுன்னு இருக்குது. எது நெஜம்னு கேக்குறாங்க."

"நாங்க எங்க குடுத்தோம்? நீங்கதானக்கா அடிச்சீங்க?" என்றேன்.

"இன்னாம்மா இப்படிச் சொல்ற? நானா கனவு கண்டேன்? ஒன் புள்ளதான் சோத்தாங்கையைத் தூக்கிக் காட்னான். நீ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த? கையெழுத்தும் போட்டுருக்கற."

அப்போதுதான் எனக்கு அந்தக் காட்சி முழுதாகத் திரும்பி வந்தது. நீட்டிய சின்னக் கை. நான் தட்டியது. நான் மகனைப் பார்த்தேன். அவன் பசியோடு மிட்டாய் விளம்பரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு அவன் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். அம்மா திருத்தினாள். அம்மா சொன்னதைக் கேட்டான்.

டாக்டரிடம் போனேன். அவர் ஒரு நொடியில் 'இடது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது மட்டும் போதாதாம். தவறுக்குப் பொறுப்பேற்று யாராவது கடிதம் தர வேண்டும். "என் பேர்ல எழுதுனா என் வேலைக்கே ஒலை வெச்சிடுவாங்கம்மா," என்றார் மேசை அக்கா. அவர் கண்ணிலும் பயம் இருந்தது. பயத்தில் எனக்கு அனுபவம் அதிகம், பார்த்தாலே தெரியும். "நீ எழுது. ஜாஸ்தி வாணாம். தவறுதலாக வலதுன்னு சொல்லிட்டேன், அவ்ளோதான்." எழுதினேன். ஒரே வரி. பதில் வரச் செவ்வாய் ஆகும் என்றார்.

மகன் இட்லி கேட்டான். வாங்கிக் கொடுக்க வெளியே வரும்போது வரவேற்புப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, ஏன் அலையறீங்க? கேஷ் கட்னா இன்னிக்கே போட்டுடலாம். டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு."

"கேஷ்னா எந்தப் பக்கம்னு எழுதித் தரணுமா?"

அவள் யோசித்தாள். "கேஷுக்கு அதெல்லாம் டாக்டரே பாத்துப்பாருக்கா."

"அட்டை வச்சிருக்கிறவங்ககிட்ட பணம் வாங்கக் கூடாதுன்னு போர்டுல இருக்கே?"

"அது ஆத் வந்தவங்களுக்குக்கா. ஒங்களுக்குத்தான் இன்னும் வர்லையே."

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நான் இன்றுவரை தேடுகிறேன். கணிதம் படித்தவள்தான், கிடைக்கவில்லை. பலகையில் மீதிப் பாதியைப் படித்தால் கிடைக்கும் என்று போனேன். குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு சக்கர நாற்காலிகளையும் மடக்கி நிறுத்தியிருந்தார்கள்.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். கட்டிவிடலாமா என்று கேட்கிறார். கட்டலாம், கடன்தான். ஆனால் செவ்வாய் வரை மூன்றே நாள் இடைவெளி. மூன்று நாள் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆகும் என்றும் சொல்லவில்லை. காத்திருக்கலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன நிமிஷத்திலிருந்து தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். அருவிக்கு வந்த கூட்டம் எங்கள் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. மகன் ஓடி வந்து, "அம்மா, உள்ள போவ மாட்டேங்குது," என்றான். படுக்க வைத்தேன். போகவில்லை. அழுத்தினேன், வீறிட்டான். கடையில் ஒருவர், "அண்ணே, பஜ்ஜிக்குச் சட்னி இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் கணவர் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் கிடைக்கும். நான் மேட்டுக்கு ஓடி மேசை அக்காவைக் கூப்பிட்டேன்.

"உள்ள போவலைன்னா ஒடனே தூக்கியாந்துடும்மா. எமர்ஜென்சின்னு போட்டுட்டா போன்லயே ஆத் குடுத்துருவாங்க. ஒரு கொய்ரியும் வராது."

"அப்ப இவ்வளவு நாள்?"

"இவ்ளோ நாள் நல்லாத்தான இருந்தான்?"

அதாவது, பிள்ளை நன்றாக இருக்கிறவரை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். சாகக் கிடந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. மேட்டில் நின்று அந்த அர்த்தம் முழுதாக உறைத்தபோது கீழே இருந்து என் கணவர் இரண்டு கையையும் ஆட்டினார். ஓடினேன். உள்ளே போய்விட்டிருந்தது. காலைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து, கதை சொல்லி, அழுகை நின்றதும் தானாக வழுக்கிக்கொண்டு போய்விட்டதாம். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழாதே, அழுதால் வெளியே வந்துவிடும் என்றான் மகன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது கேள்வி வந்திருந்தது. 'தவறுக்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை.'

"பாத்தீங்களா?" என்றேன். "ஒரே வரி போதும்னீங்களே."

"எல்லாருக்கும் ஒரே வரிதாம்மா கேப்பாங்க. ஒனக்குன்னு பாத்து, உக்காந்து படிக்கிற ஆள் கெடச்சுருக்கான்."

ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் 'கவனக்குறைவு' என்று போட்டேன், கிழித்தேன். 'சூழ்நிலை காரணமாக' என்று போட்டேன், எனக்கே சிரிப்பு வந்தது. நான்காவது தாளில் நடந்ததை அப்படியே எழுதினேன்.

'ஐயா, என் மகனுக்கு வீக்கம் இடது பக்கம். எந்தப் பக்கம் என்று கேட்டபோது அவன் சரியாகவே இடது கையைத் தூக்கினான். பெரியவர்கள் முன் இடது கையை நீட்டக் கூடாது என்று நான் பழக்கியிருப்பதால் அந்தக் கையை இறக்கிவிட்டேன். அவன் வலது கையைத் தூக்கினான். அதைப் பார்த்து வலது என்று பதிவாகிவிட்டது. பிழை குழந்தையுடையது அன்று. காப்பீட்டு மேசையில் இருப்பவருடையதும் அன்று. ஸ்கேனில் உள்ளதே உண்மை. இப்படிக்கு, குழந்தையின் தாய்.'

மேசை அக்கா வாயில் பேனாவை வைத்துக்கொண்டு படித்தார். "இன்னாம்மா இது, பத்திரிகைக்கு அனுப்புற கதையா?" என்றார். மறுபடி படித்தார். தன்னைப் பற்றிய வரியில் கொஞ்ச நேரம் நின்றார் என்று நினைக்கிறேன். பிறகு இடது என்று புதிதாக ஒரு விண்ணப்பம் அடித்து, கடிதத்தைப் படம் எடுத்து அதோடு ஏற்றினார். "சின்ன வயசுல எனக்கும் அந்தக் கைதான்," என்றார் கணினியைப் பார்த்துக்கொண்டே. "எங்கம்மா சூடு வெச்சி மாத்துச்சு. நீ தட்டத்தான் செஞ்ச."

அது ஆறுதலா குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் போன் அடித்தது. ஆத் வந்துவிட்டது. இடது பக்கத்துக்கு.

வெள்ளிக்கிழமை. வெறும் வயிறு, வளைவு, மஞ்சள் துப்பல், டவுசர் சோதனை, எல்லாம் முறைப்படி நடந்தன. அறுவை அறைக்கு வெளியே ஒரு சின்ன அறையில் அவனுக்குப் பச்சைத் துணி கட்டிப் படுக்க வைத்தார்கள். படுத்திருந்ததால் வீக்கம் சுத்தமாகத் தெரியவில்லை. வயிறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சமர்த்தாக இருந்தது. நர்ஸ் கையில் கோப்பு. அதில் மேலாக இருந்தது பழைய விண்ணப்பம். நான் எட்டிப் பார்த்தேன். 'ரைட்' என்று இருந்தது. இந்த முறை அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"சிஸ்டர், அது பழசு. கீழ புதுசு இருக்கும்."

"எல்லாம் டாக்டருக்குத் தெரியும்மா. நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

டாக்டர் தொப்பியும் முகமூடியுமாக வந்தார். பக்கத்தைக் குறிக்கும் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே குனிந்தார். "என்ன தம்பி, பலூன் எந்தப் பக்கம்? கையைத் தூக்கிக் காட்டு."

என் மகன் டாக்டரைப் பார்த்தான். நர்ஸைப் பார்த்தான். வாசலில் நின்ற மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தான். பிறகு நல்ல பிள்ளையாக, விறைப்பாக, வலது கையைத் தூக்கினான்.

டாக்டர் ஸ்கேனைப் பார்க்காமல் கத்தி வைத்திருக்க மாட்டார் என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால் தோன்றுகிறது. அப்போது எனக்கு அந்தப் பேனா முனை மட்டும்தான் தெரிந்தது. நான் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"இந்தக் கை இல்ல கண்ணு. ஒன் கை."

அவன் என் காதுக்குப் பக்கத்தில் கிசுகிசுத்தான். "பெரியவங்க இருக்காங்கம்மா."

"இருந்துட்டுப் போவட்டும். தூக்கு."

அவன் இன்னும் நம்பவில்லை. இது ஏதோ சோதனை, தூக்கினால் தட்டு விழும் என்று என் கையையே பார்த்தான். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். மெல்ல, பாதி வரைக்கும், இடது கையைத் தூக்கினான். டாக்டர் கோப்பைப் புரட்டி ஸ்கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது பக்கம் ஒரு நீல அம்புக்குறி போட்டார். பிறகு பழைய விண்ணப்பத்தை உருவி, நான்காக மடித்து, நர்ஸிடம் கொடுத்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும் முன், 'எங்களிடம் பணம் எதுவும் கேட்கவில்லை, எல்லா விவரமும் எங்களுக்கு விளக்கப்பட்டது' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டு முறை படித்தேன். என்ன செய்ய, போட்டேன். வரவேற்புப் பெண் மகனுக்கு ஒரு மிட்டாய் நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நாங்கள் முதலில் அனுப்பிய விண்ணப்பத்தை யாரும் ரத்து செய்யவில்லை போலிருக்கிறது. அது தன் வழியில் மேசை மேசையாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வலது பக்கக் குடலிறக்கத்துக்கான அறுவை சிகிச்சைக்கு அனுமதி வழங்கப்பட்டுவிட்டதாம். ஒரு கேள்வியும் இல்லை.

என் கணவர் அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அழிச்சிடாத, வெச்சிரு," என்றார். "என்னிக்காவது அந்தப் பக்கம் எறங்குனா ஒதவும்."

சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து குளிப்பாட்டும்போது வலது பக்கத்தையும் அழுத்திப் பார்க்கிறேன். இரண்டு முறை.